ஜாமீன் கையெழுத்தும் விசுவாசமும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். அயனாவரத்தில் இருக்கிறோம். சபையில் ஒரு சகோதரர் லேத் மெஷின் வாங்க எட்டு லட்சம் பேங்க் லோன் போடுகிறார். எனக்கு அரசு வேலை என்பதால் என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னார். முடியாது என்றேன். அன்றிலிருந்து வீட்டு ஜெபக்கூட்டத்தில், 'இவ்வுலகத்தின் ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியமாயிருக்கிறது' என்ற வசனம் வாராவாரம் வருகிறது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு விசுவாசம் இல்லையா, ஐயா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் செய்தது சரி. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடைசி வரியைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

அந்த வசனம் 1 கொரிந்தியர் 3:19, கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பவுல் அங்கே பேசுவது கடனைப் பற்றி இல்லை. 'நான் பவுலைச் சேர்ந்தவன்', 'நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று கட்சி கட்டிக்கொண்ட சபையை அவர் கண்டிக்கிறார். முதல் அதிகாரத்தில் அவர் பைத்தியம் என்று எழுதுவது சிலுவையை. அறையப்பட்ட ஒருவரை இரட்சகர் என்பது கிரேக்கருக்குப் பைத்தியமாகத் தெரிந்தது. எட்டு லட்ச ரூபாய் பத்திரத்தை அதோடு சேர்த்துக் கட்டுவது வேதத்துக்குச் செய்யும் அநியாயம்.

ஜாமீனைப் பற்றி வேதம் நேராகவே பேசுகிறது. 'அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்' என்கிறது நீதிமொழிகள் 11:15. 6ஆம் அதிகாரம் சிநேகிதனையும் விடவில்லை. அவனுக்காகப் பிணைப்பட்டிருந்தால் கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேட்டைக்காரன் கையிலிருந்து தப்பும் வெளிமானைப் போலத் தப்பிக்கொள் என்கிறது. நாட்டுச் சட்டமும் லேசானதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்பது பொய்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் ஊழியம் செய்தவர் ஃபப்ரிசியுஸ். 1742இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் அச்சானது. பழைய ஏற்பாட்டையும், அதிலுள்ள இந்த நீதிமொழிகளையும், தமிழாக்கினார். அப்படிப்பட்டவர், பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். அவருடைய பக்தியை யார் சந்தேகிப்பது? ஆனாலும் அந்தப் பக்தி கடனைக் கட்டவில்லை.

என் அப்பாவும் சபை நண்பர் ஒருவருக்காகக் கையெழுத்துப் போட்டார். நண்பர் ஊரைவிட்டுப் போய்விட்டார். ஆறு வருடம் அப்பாவின் சம்பளத்தில் தவணை போனது. அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனது. அதைவிட எனக்கு வலித்தது, கையெழுத்துப் போட்ட விஷயமே அம்மாவுக்கு முதல் நோட்டீஸ் வந்த அன்றுதான் தெரியும் என்பது. கேட்டிருந்தால் அம்மா வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அதனால்தான் அப்பா கேட்கவில்லை. 'மதியீனனுடைய வழி அவன் பார்வைக்குச் செம்மையாயிருக்கும். ஆலோசனைக்குச் செவிகொடுக்கிறவனோ ஞானமுள்ளவன்' என்ற நீதிமொழிகள் 12:15ஐ நான் கற்றுக்கொண்டது அந்த நோட்டீஸில். வேதம் சொல்லும் மூடன் படிக்காதவன் இல்லை. என் அப்பா நன்றாகப் படித்தவர், நல்லவர். அந்த ஒரு காரியத்தில் யாரையும் கேட்க மறுத்தார்.

கையெழுத்து இல்லை என்பதற்காகக் கைவிரித்துவிடவும் வேண்டாம். 'ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான்' என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீடு ஆடாத ஒரு தொகை இருந்தால், அதைக் கடனாக இல்லாமல் கொடையாகவே கொடுங்கள். பழைய மெஷினில் ஆரம்பிக்க முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரருடைய மனைவியிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். இந்த லோன் விஷயம் அவருக்குத் தெரியுமா?