ஒரே நாளில் பிறந்த இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடமா?

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

நாங்கள் தருமபுரத்துக்குக் கிட்ட இருக்கிறோம். கணவர் கல்மடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார், மற்ற நாட்களில் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், மகளும் மகனும். இந்த முறை இருவரும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். மகளுக்கு 161, மகனுக்கு 84. றிசல்ஸ் வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

மகளின் புள்ளிக்கு யாழ்ப்பாணத்தில் பெயர்போன பாடசாலை ஒன்றில் இடம் எடுக்கலாம் என்கிறார்கள். கனடாவில் இருக்கிற கணவரின் அண்ணர் விடுதிச் செலவு முழுக்கத் தன்னுடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டார். "வன்னிக்குள்ள வைச்சு அவளின்ர படிப்பைப் பழுதாக்கிப் போடாதேங்கோ" என்று ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறார். மகள் கெட்டிக்காரிதான், ஆனால் எதற்கும் பயம். மாதிரிப் பரீட்சை நாட்களில் விடியவே வயிற்றுவலி, சில நாள் சத்தியும் எடுப்பாள். ஒரு எழுத்துப் பிழைத்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். விடுதி என்றால் ஒன்றும் பேசமாட்டாள். "தம்பி எங்க போறானோ அங்க போறன்" என்று மட்டும் சொல்கிறாள்.

மகன் வேறு விதம். வாசிக்கச் சொன்னால் வரியை விட்டு வரி தாவுவான், எழுத்துகள் மாறிவிடும். ஆனால் வாட்டர் பம் ஸ்ராட் ஆகும் சத்தத்தை வைத்தே என்ன பிழை என்று தகப்பனுக்குச் சொல்லுவான். வகுப்பில் அவனை 'மொக்கு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது அயலிலும் "அக்கா பாஸ், நீ பெயில்" என்கிறார்கள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கிறான்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி ரவுணில் ஒரு பெரிய பாடசாலை, அல்லது சைக்கிளில் போகக்கூடிய சின்னப் பாடசாலை. சின்னப் பாடசாலையில் தரத்துக்கு ஒரு வகுப்புத்தான், சாதாரண தரம் வரைக்கும் இருக்கிறது. "அங்க படிப்பில்லை" என்கிறார்கள், ஆனால் என் மச்சாளின் பிள்ளைகள் அங்கே சந்தோசமாகப் போய் வருகிறார்கள்.

எனக்கு ஒரே ஆசை, இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு போய் வரவேண்டும். அதைச் சொன்னால் மாமி, "சிரிக்கவோ பள்ளிக்கூடம் போறது?" என்று கேட்கிறா. நான் சாதாரண தரம் எழுத வேண்டிய நேரம் இடப்பெயர்வு. பிறகு மெனிக் பாம் முகாம். அத்தோடு படிப்பு முடிந்தது. எனக்குக் கிடைக்காததை மகளுக்கும் கிடைக்காமல் பண்ணிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

ஒரு தாய், கிளிநொச்சி மாவட்டம்

*

அன்பின் சகோதரிக்கு,

வீட்டில் எல்லோரும் மகளின் பாடசாலையைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது மகன். ஆகவே அவனிலிருந்து தொடங்குகிறேன்.

புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தி, சித்தியின்மை என்று ஒன்று கிடையாது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கவும், இடத்துக்குப் போட்டி உள்ள பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யவும் வைக்கிற பரீட்சை அது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளையும் தரம் 6க்குத்தான் போகிறது. இதை மகனுக்கு நீங்களும் கணவரும் சேர்ந்து, மற்றவர்களும் கேட்கும்படி சொல்லுங்கள். "பாஸ், பெயில்" பேச்சை உங்கள் வீட்டுக்குள் யார் எடுத்தாலும் அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கள், அது மாமியாக இருந்தாலும்.

அடுத்தது வாசிப்பு. வரி தாவுவது, எழுத்து மாறுவது, கையால் செய்கிற வேலையில் கூர்மை: இவை ஒன்றாக இருக்கும்போது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியரிடம் காட்டி, மதிப்பீட்டுக்கு எங்கே அனுப்பலாம் என்று கேளுங்கள். டிஸ்லெக்சியாவுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை. நேரம் வைத்து வாசித்து விடை எழுதுகிற ஒரு பரீட்சையில் அப்படியான பிள்ளை எடுக்கும் 84, அவனுக்கு என்ன தெரியும் என்பதைச் சரியாகக் காட்டாது. மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால், பின்னால் பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் உதவும்.

சைக்கிள் தூரத்துப் பாடசாலை அவனுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் குறைந்த இடத்தில் அவன் வாசிக்கத் தடுமாறுவதை ஆசிரியர் கெதியாகக் கவனிப்பார், அதிபருக்கும் அவனைப் பெயர் சொல்லித் தெரியும். சாதாரண தரத்தோடு அந்தப் பாடசாலை முடிகிறதே என்று யோசிக்காதீர்கள். சாதாரண தரத்துக்கு எடுக்கும் ஒன்பது பாடங்களில் மூன்று தெரிவுப் பாடங்கள். விவசாயமும் இயந்திரத் தொழினுட்பமும் அந்தத் தெரிவுகளுக்குள் வருகின்றன. உயர்தரத்தில் 2013இலிருந்து தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைகூடத் தொழிற்றுறைப் பாடங்களோடு தரம் 12க்குப் போகலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகன, இயந்திர வேலைகளைத் தேசிய தொழிற்றகைமையோடு படிக்கலாம். ஒரு விடுமுறை நாளில் தகப்பன் அவனை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வாசலையாவது காட்டட்டும்.

இனி மகள். பத்து வயதில் அவளை விடுதிக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. விடுதி கூடாத இடம் என்பதால் இதைச் சொல்லவில்லை. விடுதியில் நன்றாக வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகளுக்குப் பயம் வயிற்றில் வருகிறது. அந்த விடியற்காலையில் பக்கத்தில் அம்மா இல்லாவிட்டால், அவள் அதை ஒருவருக்கும் சொல்லாமல் பழகிக்கொள்வாள். இன்னுமொரு விசயம், அவள் பெரியபிள்ளையாகும் வயதும் இதுதான். அது வீட்டில் நடக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால் அது பத்தாம்பசலித்தனம் இல்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரையும் வேண்டும். விடுதியோ, தினமும் நீண்ட பஸ் பயணமோ, எதை யோசித்தாலும் அவள் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்ப வேண்டிவரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

ஹெர்பேர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து செய்த ஆய்வுகள் இந்த இடத்தில் உதவும். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவர் திறமைசாலிகளை மட்டும் சேர்த்த பாடசாலைக்கும் மற்றவர் எல்லா விதமான பிள்ளைகளும் படிக்கிற பாடசாலைக்கும் போனால், முதலாமவர் தன் திறமையைக் குறைத்து மதிப்பிடத் தொடங்குகிறார் என்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். எல்லோரும் 160க்கு மேல் எடுத்த வகுப்பில் 161 கடைசிப் பக்கம்தான் நிற்கும். சில பிள்ளைகளுக்கு அது உற்சாகம். ஒரு எழுத்துக்காகப் பக்கத்தைக் கிழிக்கிற பிள்ளைக்கு அது தினமும் ஒரு பரீட்சை.

கனடாவில் இருக்கிற பெரியப்பாவுக்குச் சொல்ல ஒரு தகவல் தருகிறேன். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை ஒழுங்கிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி அந்தப் பதினாறில் ஒன்று. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே பிள்ளையின் மாவட்டத்தைப் பார்ப்பார்கள். வன்னியில் படித்தால் பல்கலைக்கழகக் கதவு பூட்டிவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருப்பதும் கிளிநொச்சியில்தான். அவரோடு வாதாடாமல் சொல்லுங்கள்: "அண்ணை, உங்கட உதவி எங்களுக்கு வேணும். இப்ப மகனுக்கு வாசிப்புப் பயிற்சி வேண்டியிருக்கு, உயர்தரத்தில அவளுக்கும் தேவைப்படும்." தூரத்தில் இருப்பவருக்கு உதவ ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தைக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மாறலாம்.

அப்படியானால் அவளும் சின்னப் பாடசாலைக்கா? இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன். தரத்துக்கு ஒரே வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இருவரும் ஒரே அறையில் இருந்தால், ஒவ்வொரு தவணையும் இரண்டு றிப்போட் பக்கத்தில் பக்கத்தில் வரும். "அக்காவைப் பார்" என்ற சொல்லை மகனும், தம்பிக்குக் குறையக்கூடாதே என்று தன்னை அடக்கிக்கொள்வதை மகளும் வருடக்கணக்கில் சுமப்பார்கள். இரட்டையரை வேறுவேறு பாடசாலைக்கு அனுப்புவது அவர்களைப் பிரிப்பது ஆகாது. இரவில் ஒரே வீட்டில் சோறு தின்று சண்டை பிடிப்பார்கள்தானே. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்: மகன் கிட்டடிப் பாடசாலை, மகள் கிளிநொச்சி ரவுண். அவள் தம்பியோடு போகிறேன் என்பது விருப்பமா, குற்ற உணர்வா என்று தெரிய வேண்டும். அவளைத் தனியே கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிற வழியில் கேளுங்கள்: "தம்பி எங்க போனாலும் அவன் சந்தோசமா இருப்பான் எண்டு வை. அப்ப உனக்கு எங்க போக விருப்பம்?" பதில் உடனே வராது, காத்திருங்கள்.

முடிவெடுக்க முன் இரண்டு பாடசாலைக்கும் போய்ப் பாருங்கள். அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி, இடைவேளை நேரத்தில் போவது நல்லது. பிள்ளைகள் அதிபரைக் கண்டதும் ஒதுங்கி ஓடுகிறார்களா, கிட்ட வருகிறார்களா? பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீரும் உள்ளே பூட்டும் இருக்கிறதா? இதை வெட்கப்படாமல் திறந்து பாருங்கள். நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. தரம் 7 பிள்ளை ஒன்றிடம், "வகுப்பில பிழையாச் சொன்னா ரீச்சர் என்ன செய்வா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டு பதில் சொல்கிற பிள்ளையும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாய் திறக்கிற பிள்ளையும் உங்களுக்கு இரண்டு வேறு பாடசாலைகளைக் காட்டுவார்கள். பிரம்பு இருந்தால் அதிபரிடம் கேட்கத் தயங்காதீர்கள். உடற்தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. 2021இல் உயர் நீதிமன்றமும் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாமல் பாடவேளை போய், பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தால் அது மகிழ்ச்சியான பாடசாலை இல்லை, கைவிடப்பட்ட பாடசாலை. எங்கள் பகுதியில் ஆசிரியர்கள் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தினமும் வந்து போகிறார்கள். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய நிலை. அது அவர்கள் குற்றம் இல்லை, ஆனால் பின்நேர விளையாட்டும் நாடகமும் அதனால்தான் இல்லாமல் போகின்றன. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கிட்டடியில் இடமாற்றம் இருக்கிறதா, சங்கீதம், சித்திரம், நடனம் என்பவற்றில் எதற்கு ஆள் இருக்கிறது என்று கேளுங்கள். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையின் பெற்றோரிடம் விசாரிக்க வேண்டாம், அவர்களுக்கு எந்தப் பாடசாலையும் நல்ல பாடசாலைதான். நடுவிலும் கடைசியிலும் வருகிற பிள்ளைகளின் தாய்மாரிடம் கேளுங்கள். உங்கள் மச்சாளிடம் தொடங்கலாம்.

மாமியின் கேள்வியை நான் மதிக்கிறேன். வீடும் வயலும் நகையும் போன பிறகு, பையில் கொண்டு வந்த சான்றிதழ் மட்டும் மிஞ்சிய சனம் நாங்கள். படிப்பு விளையாட்டாகிவிடுமோ என்று அவ பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பயந்த பிள்ளையின் ஞாபகம் வேலை செய்யாது, கேள்வி கேட்கத் துணிவும் வராது. சிரித்த முகத்தோடு போகிற பிள்ளைதான் கூடுதலாகப் படிக்கும் என்று அவவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்கள் பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக நீங்கள் இப்போதும் எழுதலாம். உங்கள் படிப்புக் கனவுக்கு உங்கள் பெயரிலேயே ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தால், மகளின் தோளில் பாரம் குறையும்.

புதிய பாடசாலையில் முதல் சில கிழமைகள் வயிற்றுவலி வருவது இயல்பு. ஒரு தவணை போயும் குறையாவிட்டால், அல்லது மகன் போகமாட்டேன் என்று தொடர்ந்து மறுத்தால், பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரைச் சந்தித்துவிட்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன் யாரோடாவது பேச வேண்டும் போல இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. யாராவது பிள்ளையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. மதிப்பீட்டு அறிக்கை கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், மகனுக்கு வீட்டில் செய்யக்கூடிய வாசிப்புப் பயிற்சிகளை அதற்கேற்றபடி சொல்கிறேன்.