மேசைப் போர் விளையாட்டுக்கு மலிவாகக் குன்று செய்வது எப்படி?

மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடும் 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களுக்கான குன்றையும் பாறையையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை. புது டிவியின் அட்டைப்பெட்டியில் வரும் தெர்மாகோல் போதும். ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள். உச்சி மட்டும் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வீரர்கள் சாய்ந்து விழுவார்கள். காய்ந்த மரப்பட்டையை ஒட்டினால் அசல் பாறைதான்.

ஸ்ப்ரே பெயிண்டை நேரடியாக அடிக்கவே அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும். முதலில் ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து முழுக்கப் பூசி, ஈரம் காயுமுன் சலித்த மணலைத் தூவுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும், பிரஷ்ஷில் சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேலாக லேசாக வருடுங்கள். மேடுகள் மட்டும் வெளுக்கும், இடுக்குகள் கறுப்பாகவே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அப்புறம், புல்லுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளே போதும்.