பிரின்ட் கொடுக்கும் முன்: வேர்டு சந்தேகங்கள் சில

வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்த விண்ணப்பத்தைப் பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருதான். கடைக் கணினியில் பாமினி இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. வீட்டிலேயே எஃப்12 அழுத்தி, ‘சேவ் அஸ் டைப்’ என்ற இடத்தில் பிடிஎஃப் தேர்ந்தெடுத்துச் சேமித்துக் கொண்டு போங்கள். கடையில் திருத்தவும் வேண்டியிருக்கும் என்றால் இனி எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிப்பதுதான் வழி.

சங்கத்தின் பழைய செயலாளர் சேகர். புதியவர் முருகன். கன்ட்ரோல் எச் போட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். ஆனாலும் சில இடங்களில் சேகர் உட்கார்ந்திருக்கிறார்!

இருப்பார். நீங்கள் தேடியது புள்ளி வைத்த ‘சேகர்’. ‘சேகருக்கு’, ‘சேகரிடம்’ என்று வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது, கணினிக்கு அது வேறு சொல். எனவே மூன்று முறை தேட வேண்டும். ‘சேகர்’ என்பதை ‘முருகன்’ என்றும், ‘சேகரு’ என்பதை ‘முருகனு’ என்றும், ‘சேகரி’ என்பதை ‘முருகனி’ என்றும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவதில் மட்டும் ‘ரீப்ளேஸ் ஆல்’ வேண்டாம். ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’ கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இதே வேலையை ஒரு சங்கத்துக்காக நான் அவசரத்தில் செய்து, ‘உறுப்பினர்களிடம் சேகரித்த நிதி’ என்பது ‘முருகனித்த நிதி’ ஆகி, அறுபது பிரதி அச்சான பிறகுதான் கண்ணில் பட்டது. திரையில் இருக்கும்போதே பார்த்திருந்தால் ஒரு கன்ட்ரோல் இசட்டில் முடிந்திருக்கும். தாளில் ஏறிய பிறகு எந்தக் கட்டளையும் உதவாது.

புதுப் பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே எல்லாம் சரிந்துவிடுகிறது.

அந்த என்டர்களை எல்லாம் அழித்துவிட்டு, ஒரே ஒரு கன்ட்ரோல் என்டர். எத்தனை வரி சேர்த்தாலும் அடுத்த பகுதி புதுப் பக்கத்தில்தான் தொடங்கும்.

தட்டில் பேப்பர் நிறைய இருக்கிறது. பிரின்டரோ ‘லோட் லெட்டர்’ என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நிற்கிறது. அச்சடிப்பதே கடிதம்தானே?

கடிதம்தான். ஆனால் பிரின்டர் கேட்கும் லெட்டர் என்பது அமெரிக்காவில் புழங்கும் தாள் அளவு, 216 × 279 மில்லிமீட்டர். நம் கையில் இருப்பது ஏ4, 210 × 297. ‘லேஅவுட்’டில் ‘சைஸ்’ போய் ஏ4 என்று மாற்றுங்கள். தாளின் உயரமும் அகலமும் மாறுவதால் வரிகள் இடம் நகரும். கன்ட்ரோல் பி அழுத்தி, வலப்பக்கம் தெரியும் முன்னோட்டத்தில் கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கையெழுத்து மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய் நிற்பது இங்கேதான் தெரியவரும்.

நாற்பது பக்கத்தில் மூன்றாவதும், ஏழு முதல் பத்து வரையும் மட்டும் வேண்டும்.

கன்ட்ரோல் பி, ‘பேஜஸ்’ கட்டத்தில் 3,7-10.

பிரின்ட் கொடுத்தேன், வரவில்லை. பத்து முறை கொடுத்தேன். இப்போது எதுவுமே வரவில்லை, ‘கேன்சல்’ கொடுத்தாலும் போகவில்லை.

முதலாவது சிக்கியதும் மற்ற ஒன்பதும் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. பிரின்டரை அணைத்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ தேடித் திறந்து, அந்த வரிசையைக் கவனிக்கும் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்பதை ‘ஸ்டாப்’ செய்யுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று வரிசையாக உள்ளே போய், அங்கிருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரில் கை வைக்க வேண்டாம். ஸ்பூலரை மறுபடி ‘ஸ்டார்ட்’ செய்து, பிரின்டரைப் போட்டு, ஒரே ஒரு முறை பிரின்ட் கொடுங்கள்.