கதிர்வீச்சு பட்டால் மட்டும் வேலை செய்யும் கீமோ மருந்து வந்துவிட்டதா? அம்மாவுக்குக் கிடைக்குமா?

இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தபோதுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

அவருக்கு வாரம் ஐந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, ஒரு நாள் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. கரண்ட் வைக்கும் முன் வெந்நீரில் இளக்கி முகத்தில் அழுத்தி அச்செடுத்த வலை முகமூடியை மாட்டி, மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. சிஸ்பிளாட்டினுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. கையில் ஏற்றினால் சிறுநீரகம், காது என்று எல்லா இடத்துக்கும் போகும். "காதுக்குள்ள வண்டு கத்துதுடா" என்றார் அப்பா. கதிரை இவ்வளவு குறிபார்த்து விடுகிறவர்களால் மருந்தை ஏன் விட முடியவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

நீங்கள் கேட்கும் யோசனை அந்த எரிச்சலுக்கான பதில்தான். சிஸ்பிளாட்டினில் பிளாட்டினம் +2 நிலையில், அதாவது இரண்டு எலெக்ட்ரான் குறைந்த நிலையில், இருக்கிறது. அதை +4 ஆக்கி, மேலும் கீழும் ஒவ்வொரு அணுத் தொகுதியை ஒட்டிவிட்டால் மருந்து கிட்டத்தட்டத் தூங்கிவிடும். எக்ஸ் கதிர் திசுவின் தண்ணீரில் பட்டதும் எலெக்ட்ரான்கள் தெறிக்கும். அவை பிளாட்டினத்தில் ஏறினால் ஒட்டியவை கழன்று பழைய மருந்து வெளிவரும். சீனாவில் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு எலிகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

கணக்குதான் இடிக்கிறது. ஒரு நாளைக்கு 2 கிரே என்றால் கிலோவுக்கு 2 ஜூல். அந்த ஆற்றலில் திசு சூடாவது 0.0005 டிகிரி மட்டுமே. கிடைக்கும் எலெக்ட்ரானும் லிட்டருக்கு அரை மைக்ரோமோல் அளவுதான், அதிலும் ஒரு பங்கை வழியிலேயே ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ளும். 35 நாள் வைத்தாலும் மொத்தம் லிட்டருக்கு அதிகபட்சம் 20 மைக்ரோமோல் பக்கம்தான் வரும். தூங்கும் மருந்தை எழுப்ப அவ்வளவு எலெக்ட்ரான்தான் கையில்.

நானோ துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளை, சேர்ப்பது இதற்காகத்தான். தங்கம், ஹாஃப்னியம் போன்ற கனமான அணுக்கள் கதிரை அதிகம் பிடித்துச் சுற்றிலும் எலெக்ட்ரான்களைத் தெறிக்கவிடும். 2004இல் வெளியான ஆய்வில் தங்கத் துகள் ஏற்றிய எலிகளில் 86 சதவீதம் ஓராண்டு பிழைத்தன, கதிர் மட்டும் பட்டவற்றில் 20 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது 250 கிலோவோல்ட் கதிர். நம் ஆஸ்பத்திரி மெஷின்கள் பெரும்பாலும் 6 மெகாவோல்ட், அங்கே தங்கத்தின் கை இவ்வளவு ஓங்காது.

மனிதர்கள் வரை வந்த துகள்களில் ஒன்று ஹாஃப்னியம் ஆக்சைடு. பிரான்ஸின் நானோபயோடிக்ஸ் நிறுவனத்துடையது, நேராகக் கட்டிக்குள்ளேயே ஊசி போடுவார்கள். தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் மென்திசு சர்கோமா என்ற புற்றுநோய்க்கு 2019இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. கட்டி ஏறக்குறைய முழுதும் அழிந்தவர்கள் 16 சதவீதம், கதிர் மட்டும் பெற்றவர்களில் 8. ஆனால் அதில் கீமோ மருந்து எதுவும் கிடையாது, துகள் கதிரின் வேகத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக, "நானோ கீமோ-கரண்ட்" என்று யாராவது பேக்கேஜ் விலை சொன்னால், மருந்துப் பரிசோதனைப் பதிவு எண் என்னவென்று கேளுங்கள். அப்புறம், அம்மாவுக்கு இப்போது சிஸ்பிளாட்டின் ஏறுகிறது என்றால் காதில் இரைச்சல் இருக்கிறதா என்று நீங்களாகவே விசாரியுங்கள். எங்கள் அப்பா இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவே இல்லை.