காளைக்கன்று யார் கணக்கில்?

ஐயா, எங்கள் வீடு அய்யாவழி. பலி கிடையாது, இறைச்சி வாங்குவதும் இல்லை. பக்கத்து வீட்டார், விலங்குகளை ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்று வேதாகமமே சொல்கிறது என்பார்கள். எதிர்வீட்டு இஸ்லாமிய நண்பருக்கு அறுக்கும் முறை சரியாக இருந்தால் போதும். எங்கள் ஜெர்சி கலப்புப் பசு போன வாரம் காளைக்கன்று போட்டது. வியாபாரி வந்து கேட்கிறார். எந்த அறத்தை வைத்து முடிவு செய்வது?

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

மூன்று வீட்டு வாதமும் கத்தியைச் சுற்றியே நிற்கிறது. கன்று நிற்பது உங்கள் தொழுவத்தில்.

பசு ஈன்றால்தான் பால். ஈனுவதில் பாதி காளை. நாஞ்சில் நாட்டு வயலில் ஒருகாலத்தில் அதற்கு உழவு இருந்தது. இன்று உங்கள் பக்கம் ரப்பரும் வாழையும், மிச்ச வயலில் டிராக்டர். கலப்பினக் காளைக்குத் திமிலும் இல்லை, வெயிலும் தாங்காது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி இறைச்சிக்குப் போகும் வண்டியில் சைவ வீட்டுக் கன்றும் ஏறுவது இப்படித்தான்.

உங்கள் பக்கத்துச் சிதறால் மலையில் ஒருகாலத்தில் தங்கிய சமணர்களின் அறம் இதில் கறாரானது. கொல்வது, கொல்விப்பது, கொலைக்கு உடன்படுவது மூன்றும் வினைதான். குறள் 256 தின்பவனைப் பிடிக்கிறது: தின்ன ஆளில்லையென்றால் விற்க ஆளிருக்காது. ஆனால் உங்கள் கன்று தின்பவனுக்காகப் பிறக்கவில்லை, பாலுக்காகப் பிறந்தது. தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகமும் இல்லாமல் இருந்தால் பௌத்தத் துறவி இறைச்சியை ஏற்கலாம். அந்தச் சலுகை மாட்டுக்காரருக்கு உதவாது, வியாபாரி எதற்கு வருகிறார் என்று அவருக்குத் தெரியுமே.

பக்கத்து வீட்டாரை ஆதியாகமம் 1:28க்கு அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே உணவாகத் தரப்படுவது பயிரும் கனியும்தான். இறைச்சிக்கு அனுமதி ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, 9:3இல். பலிக்குரிய கன்றுகூட ஏழு நாள் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 22:27. கத்தி கூராக இருக்க வேண்டும், அதை விலங்கின் கண்முன் தீட்டக் கூடாது என்கிறது இஸ்லாமிய மரபு.

ஆனால் காளைக்கன்றில் பல, கத்திவரை போவதே இல்லை. பசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது, சீம்பாலில்தான் போகும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் சில மணி நேரத்துக்குள். ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உறிஞ்சாது. ‘காளைதானே’ என்று சீம்பாலை நாம் காய்ச்சித் தின்றுவிட்டு, மடியில் வாய் வைத்ததும் கன்றை இழுத்துக் கட்டினால் கழிச்சல் கண்டு சாகும். அப்புறம் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள், பால் சுரக்க. இதைப் பலி என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே மூன்று மாதம் வளருங்கள். தினம் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டு மூன்று வேளையாக. சில நாளில் குடற்புழு மருந்து, இரண்டாம் வாரத்திலிருந்து இளம்புல். அதன்பிறகும் வைத்திருக்க வழியில்லையென்றால் விற்றுவிடுங்கள். விற்ற பின் எதிர்வீட்டு நண்பரிடம் அகிம்சை பேசாதீர்கள்.

அடுத்த சினை ஊசிக்குப் பாலினம் பிரித்த விந்து கேளுங்கள், பத்தில் ஒன்பது கிடாரிதான் பிறக்கும். சினை பிடிப்பது சற்றுக் குறைவு என்பதால் நேரம் தவறக் கூடாது: காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை.