அறிவியல் புனைவுத் தொடர்களில் அரசியலையும் சமயத்தையும் ஆராய என்ன இருக்கிறது?

விண்கலங்களும் ரோபோக்களும் வரும் தொலைக்காட்சித் தொடர்களை அரசியல், சமய ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு பொருட்படுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற பழைய அமெரிக்கத் தொடரின் மறு ஆக்கத்தை மட்டும் (2003 குறுந்தொடர், 2004 முதல் 2009 வரை நெடுந்தொடர்) எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மனிதர் படைத்த சைலான் இயந்திரங்கள் மனித இனத்தை ஏறக்குறைய அழித்துவிட, தப்பிய சுமார் 50,000 பேர் கப்பல்களில் ஓடுகிறார்கள். இதில் மனிதர்கள் பல தெய்வங்களை வணங்குகிறார்கள். ஒரே கடவுளை நம்புவது சைலான்கள். அமெரிக்கப் பார்வையாளர் பலரின் சமயம் எதிரியின் வாயில் ஒலிக்கும்படி அமைத்த இந்த ஏற்பாடு சமய ஆய்வாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

முதல் பருவத்தில் ஒரு விசாரணைக் காட்சி வருகிறது. மனித உருவிலேயே இருக்கும் சைலானான லியோபென் பிடிபட்டுப் பசியோடு இருக்க, அவன் கண்முன்னே உணவருந்தும் ஸ்டார்பக் என்ற பெண் விமானி, இயந்திரத்துக்கு வலி எதற்கு என்று ஏளனம் செய்து, அவன் தலையைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் அமிழ்த்தச் செய்கிறாள். பின்னர் அதிபர் ராஸ்லின் அவனுக்கு உயிர்ப்பாதுகாப்பு தருவதாகச் சொல்லி, உண்மையைக் கறந்த மறுகணமே விண்வெளி வெற்றிடத்தில் தள்ளிக் கொல்ல ஆணையிடுகிறார். அன்றிரவு ஸ்டார்பக் தன் தெய்வச் சிலைகளின் முன் அவனுக்காக வேண்டிக்கொள்கிறாள்: அவனுக்கு ஆன்மா உண்டா என்று தெரியாது, இருந்தால் காத்தருளுங்கள். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் 2004 ஏப்ரலில் வெளியாகியிருந்தன. தொடர் அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சட்டத்தின் காப்புக்கு வெளியே தள்ளப்பட்டு, கொன்றாலும் கொலையாகக் கருதப்படாத உயிரைப் பற்றி இத்தாலியத் தத்துவ அறிஞர் ஜார்ஜோ அகம்பென் எழுதியதை ஆய்வாளர்கள் இத்தொடரோடு சேர்த்துப் படிப்பது இதனால்தான்.

செப்டம்பர் 11 தாக்குதலின் உருவகம் என்று மட்டும் இதைப் படிப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. 2006-இல் வந்த மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் மனிதர்களே சைலான்களின் ஆக்கிரமிப்பில் இருக்கிறார்கள். சைலான்களுக்காகப் பணிபுரியவிருக்கும் மனிதக் காவலர்களின் பயிற்சி நிறைவு விழாவில், மனைவியை இழந்த ஒருவன் தற்கொலைக் குண்டாக வெடிக்கிறான். அமெரிக்கப் படைகள் நுழைந்திருந்த ஈராக்கில் காவல்துறைக்கு ஆளெடுக்கும் இடங்கள் தாக்கப்பட்டுவந்த காலம் அது. அமெரிக்கப் பார்வையாளரை ஆக்கிரமிக்கப்பட்டவரின் பக்கம் நிறுத்திய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையே இத்தொடரின் படைப்பாளிகளையும் நடிகர்களையும் அழைத்து மனித உரிமை, பயங்கரவாதம் பற்றிக் கலந்துரையாடியது.

தொடரின் இறுதிப் பகுதி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மனிதர் தாமே பொறுப்பேற்க வேண்டிய கேள்விகளைத் தெய்வச் சித்தத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. சமய நோக்கில் அதுவே பொருத்தமான முடிவு என வாதிடுவோரும் உண்டு.

தொடங்க விரும்பினால் குறுந்தொடரை முதலில் பாருங்கள்; இல்லாவிட்டால் அந்த விசாரணைக் காட்சியின் கனம் புரியாது.