மகரம் என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?

மகரம் என்றால் முதலையா, சுறாவா, ராசியா, அல்லது 'ம' என்னும் எழுத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தை முதலில் தனியே எடுத்து வைத்துவிடலாம். அகரம், லகரம் போல, 'ம' என்பதோடு 'கரம்' என்னும் சாரியை சேர்ந்து வரும் மகரம் வேறு சொல்; வடமொழி வழியே வந்த விலங்கின் பெயரோடு அதற்கு உறவில்லை. 'போன்ம்' என்ற சொல்லில் மகரம் கால் மாத்திரையாகக் குறுகும் என்று பள்ளியில் நடத்தியபோது, கோயில் தோரணத்து விலங்கு சுருங்கிப்போவதாக எண்ணிக்கொண்டவன் நான். ஆகவே இந்தக் குழப்பம் எனக்குப் பழக்கமானதுதான்.

மற்றப் பொருள்கள் அந்த விலங்கிலிருந்தே கிளைத்தவை. சிற்பத்தில் அதற்கு யானையின் துதிக்கை மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். முதலையின் வாய் பல்வரிசை தெரியப் பிளந்திருக்கும். வால் மட்டும் எந்த விலங்கின் வாலாகவும் இல்லாமல் இலைக்கொடியாகச் சுருள்சுருளாக விரியும். மகேந்திரவர்மப் பல்லவன் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த தளவானூர்க் குடைவரையின் முகப்பிலேயே மகர தோரணத்தைக் காணலாம்.

எந்த உயிரோடும் முழுவதுமாகப் பொருந்தாத உருவம் என்பதால், அந்தந்த நிலத்தார் தாம் அறிந்த நீர்விலங்கை அதில் கண்டார்கள் என்பது என் கருத்து. கங்கையின் ஊர்தியாக அதை வணங்கிய வடக்கில், இந்தியில் 'மகர்' என்றால் முதலை; சதுப்புநில முதலையை ஆங்கிலத்தில் 'மக்கர்' என்பதும் அச்சொல்லிலிருந்து வந்ததே. கீதையில் கண்ணனோ மீன்களுள் தான் மகரம் என்கிறான். கடலோடு பழகிய தமிழில் அது சுறாவாயிற்று. காமனின் மகரக்கொடியைச் சுறவக்கொடி என்றதும், தனித்தமிழ் அன்பர்கள் தை மாதத்துக்குச் 'சுறவம்' என்று பெயரிட்டதும் அந்த வழியில்தான்.

ராசியின் கதை சற்று வேறு. மேலை நாட்டு வானியலில் முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமாக இருந்த உருவத்தின் இடத்தில் இங்கே மகரம் அமர்ந்துகொண்டது. கேரளத்தில் மாதத்தின் பெயரே அதுதான். சபரிமலை மகரவிளக்கு அதனால் வந்த பெயர். சிலப்பதிகார உரை சொல்லும் 19 நரம்பு மகரயாழும் இந்த விலங்கின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

திருமாலின் காதணியான மகரக்குழையைப் பார்க்க விரும்பினால் தாமிரபரணிக் கரையிலுள்ள தென்திருப்பேரைக்குச் செல்லுங்கள். அங்கே பெருமாளின் பெயரே மகர நெடுங்குழைக்காதர். தலபுராணப்படி, ஆற்றில் கிடைத்த அந்தக் குழைகள் மீன் வடிவம்.